லாசரஸ் வீட்டு அடுப்பு

காரைக்காலிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே சென்று நண்டலாற்றைக் கடந்தால் பழைய தஞ்சை மாவட்டத்தின் எல்லை தொடங்கும். அங்கிருந்து தரங்கம்பாடியும் அதை ஒட்டிய தில்லையாடியும் தொலைவில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கேயே சிறைசென்று, அங்கேயே பதினாறு வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் தாய்வழி ஊர் தில்லையாடி என்பதை நாம் அறிவோம். அவர் பெயரால் அவ்வூரில் நினைவு மண்டபம் உண்டு. சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் மாளிகைக்கு அவர் பெயர். 2008-இல் நடுவண் அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஒருமுறை கல்லூரி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அந்த மண்டபத்திற்குச் சென்றிருந்தேன். திரும்பும்போது மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, வள்ளியம்மையோடு சிறைக்குப் போனவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன?” எனக்கு உடனே விடை தெரியவில்லை. வீட்டிற்கு வந்ததும் அலமாரியிலிருந்து காந்தியடிகளின் ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்’ என்னும் நூலை எடுத்தேன். மாணவப் பருவத்தில் தலைவர் ஒருவரின் வரலாறாக வாசித்த அந்நூலை, இம்முறை அந்த மாணவியின் கேள்வியோடு வாசித்தேன். அந்த வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

நூலும் அதன் நினைவும்

1923 நவம்பரில் எரவாடாச் சிறையில் இருந்தபோது காந்தியடிகள் இந்நூலைக் குஜராத்தியில் சொல்லத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் எழுதி முடித்தார். 1928-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. குறிப்பேடுகள் அதிகம் கைவசமின்றிப் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதப்பட்டது. நினைவு எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதைக் காண்பதற்கு இத்தகைய நூல் மிக ஏற்றது. நூலாசிரியர் மறைக்க எண்ணாதவற்றையும், எண்ணிப் பார்க்காதவற்றையும் அது ஒருங்கே காட்டிவிடுகிறது.

மாணவியின் கேள்விக்கு நூலில் பாதி விடை உண்டு. 1913-இல் நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்த பெண்கள் பதினொருவரின் பட்டியலை ஆசிரியர் தருகிறார். ஒருவரைத் தவிர ஏனைய அனைவரும் தமிழர் என்றும், அறுவர் கைக்குழந்தையோடு சென்றனர் என்றும் குறிப்பிடுகிறார். ஆனால் அப்பட்டியலில் ஒன்பது பெண்கள் கணவர் பெயராலேயே இடம்பெறுகின்றனர்: திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமிப் பிள்ளை என்றவாறு. மணமாகாத இருவருக்கு மட்டுமே சொந்தப் பெயர் வாய்த்தது. அவர்கள் சொல்லைக் கேட்டுச் சுரங்கத்தை விட்டு வெளியேறிய தொழிலாளருக்கோ அதுவும் இல்லை. பெரும்பாலும் அவர்கள் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்.

இதைக் குறையாகச் சொல்வதற்கு முன், அப்பெண்கள் செய்த செயல் எத்தகையது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம்.

சட்டம் எழுப்பிய இரு சுவர்கள்

ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற இந்தியரை ஏற்றிய முதற் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்திற்கு இவர்களின் உழைப்பு வேண்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு இவர்கள் குடிமக்களாய் வாழ்வது வேண்டாததாயிற்று. ஆகவே 1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாமல், மீண்டும் ஒப்பந்தத்திலும் சேராமல் அங்கே தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி செலுத்தவேண்டும். பிற்பாடு இவ்வரி 16 வயது நிரம்பிய மகனுக்கும் 13 வயது நிரம்பிய மகளுக்கும் உரியதாயிற்று. இத்தகைய தொழிலாளியின் மாத வருமானம் சராசரியாக 14 ஷில்லிங்கைத் தாண்டியதில்லை என்று காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 168 ஷில்லிங். அதாவது 8 பவுன் 8 ஷில்லிங். தாய், தந்தை, வளர்ந்த பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பத்திற்கு வரி 12 பவுன். தந்தை ஓராண்டில் ஈட்டும் முழுப் பணமும் போதாது. வரி என்ற பெயரில் வந்த இது, கூலியாய்க் கட்டுண்டு கிட அல்லது கப்பலேறு என்னும் கட்டளையே ஆகும்.

இரண்டாவது சுவரை எழுப்பியது நீதிமன்றம். 1913 மார்ச் 14 அன்று கேப் மாநில உயர்நீதிமன்றத்தின் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பளித்தார். கிறிஸ்தவ முறைப்படி நடைபெற்றுப் பதிவுபெற்ற மணங்களே சட்டத்தின் முன் செல்லும் என்பது அதன் பொருளாயிற்று. ஒரே நாளில் இந்து, இஸ்லாமியப் பெண்கள் பலர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதாராயினர். கிறிஸ்தவராகிய நாம் இவ்விடத்தில் நூலைச் சற்று மூடி வைத்துவிட்டுச் சிந்திக்க வேண்டும். நம் திருமணத் திருவருட்சாதனம் அங்கே பிறர் இல்லறத்தை இழிவுசெய்யும் கருவியாகப் பயன்பட்டது. இன ஒதுக்கலுக்குச் சமயத்தின் முத்திரை இவ்வாறுதான் இடப்படுகிறது.

நியூகாசில் நகரில்

டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள் முதலில் தாமே சிறைசெல்ல முயன்றனர். உரிமமின்றிக் கூவி விற்றுப் பார்த்தனர். காவலர் கைது செய்யவில்லை. அனுமதியின்றி நேட்டால் எல்லையைக் கடந்தபோதும் எவரும் தடுக்கவில்லை. எனவே முன்பே திட்டமிட்டபடி அக்டோபர் மாதத்தில் நியூகாசில் நகரை அடைந்து, சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்று பேசினர். 3 பவுன் வரியை நீக்கும்வரை வேலைக்குப் போகவேண்டாம் என்றனர். பேசியது தமிழில். சுரங்கத் தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழோ தெலுங்கோ பேசுபவர். நூலாசிரியர் இம்மொழிச் செய்தியைக் குறிப்பிடத் தவறவில்லை. மேடையிலிருந்து வந்த கட்டளையாக அல்லாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற பெண்ணொருத்தியின் சொல்லாக வந்ததால்தான் அவ்வழைப்பு தீயாய்ப் பரவிற்று எனலாம்.

பாரதி பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடியபோது அவர்களின் கண்ணீரைத் தமிழுலகம் கேட்டது. அக்கண்ணீர் உண்மையானது. ஆயினும் கடல் கடந்த தமிழ்ப்பெண் என்றால் கலங்கி நிற்பவள் என்றே நம் இலக்கிய மனம் பழகிப்போயிற்று. நியூகாசில் பெண்களோ மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றவர்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான ஆண்களை வேலையை விட்டு வெளிவரச் செய்தவர்கள். இவர்களை எந்தச் சொல்லால் பாடுவது என்பதை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

காந்தியடிகளின் நேர்மை இவ்விடத்தில் வெளிப்படுகிறது. இவ்வளவு பெரிய எழுச்சியைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்றும், மகிழ்ந்த அளவுக்குத் திகைத்ததாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். தொழிலாளர் முன்னே சென்றுவிட்டனர். தலைவர் பின்னே விரைந்து வந்தார். நம் பாடநூல்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

அணையாத அடுப்பு

நியூகாசிலுக்கு வந்த காந்தியடிகள் எங்கே தங்குவது என்ற கேள்வி எழுந்தது. அங்கிருந்த இந்திய வணிகர் அஞ்சினர். வெள்ளையரோடு அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அவர்களை இக்கட்டில் மாட்டிவிட அவரும் விரும்பவில்லை. அப்போது கதவைத் திறந்தவர் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர். சிறு துண்டு நிலமும், இரண்டு மூன்று அறைகள் கொண்ட வீடும்தான் அவர் உடைமை.

சுரங்க முதலாளிகள் தொழிலாளர் குடியிருப்புகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினர். மக்கள் மூட்டைகளைத் தலையில் சுமந்து, குழந்தைகளோடு லாசரஸ் வீட்டு வாசலுக்கு வந்தனர். அந்த வீடு சத்திரமாயிற்று. எங்கு நோக்கினும் தலைகள். இரவும் பகலும் அடுப்பு ஓயவில்லை. வீட்டுத் தலைவி நாள் முழுவதும் உழைத்தார். கணவன் மனைவி இருவர் முகத்திலும் சிரிப்பு மாறவில்லை. காந்தியடிகள் சொல்லும் செய்தி இவ்வளவே. சில வரிகளில் முடிந்துவிடுகிறது. என் கருத்தில் நூலின் உச்சம் இதுவே.

ஏன் என்று கேட்கலாம். சியர்ல் தீர்ப்பு இந்தத் தம்பதியரைத் தொடவில்லை. கிறிஸ்தவ முறைப்படி நடந்த மணம் சட்டப்படி செல்லும் அன்றோ! சட்டம் அவர்களைச் சுவருக்கு உள்ளே வைத்தது. வெளியே நிறுத்தப்பட்டோரைப் பார்த்து, இது உங்கள் பாடு என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லூக்கா நற்செய்தியில் வரும் இலாசர் செல்வனின் வாயிலில் பசியோடு கிடந்தவன். நியூகாசில் லாசரஸ் தம் வாயிலைத் திறந்து பசித்தவரை உள்ளே அழைத்தவர். அந்த வீட்டில் யார் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று பார்த்துப் பந்தி வைத்ததாக நூலில் ஒரு சொல்லும் இல்லை.

காந்தியடிகளின் தன்வரலாற்றில் வரும் மற்றொரு வீட்டை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. டர்பனில் அவர் வீட்டில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவர் பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய மலசலப் பாத்திரத்தைத் தூய்மை செய்யக் கஸ்தூரிபா கண்ணீரோடு தயங்கியதையும், தாம் சினந்து மனைவியை வாயில்வரை இழுத்துச் சென்றதையும் அவர் மனம் வருந்தி எழுதியுள்ளார். வெள்ளையர் நாட்டில் ஒதுக்கப்பட்டவராய் வாழ்ந்த இந்தியரின் வீட்டுக்குள்ளும் வேறோர் ஒதுக்கல் குடியிருந்தது. சட்டத்தை எதிர்ப்பது எளிதன்று. அடுக்களையில் உள்ளதை எதிர்ப்பது அதனினும் அரிது. இந்த இரு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் லாசரஸ் வீட்டு அடுப்பின் பெருமை விளங்கும்.

நடந்தவர்கள்

1913 நவம்பர் 6 அன்று சார்லஸ்டவுனிலிருந்து எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்தோர் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரை இராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்சு சர்க்கரையும் உணவு. வழியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரில், மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி நீரில். தாய்மார் நின்றுவிடவில்லை. இறந்தவர்க்கு அழுவதைவிட இருப்பவர்க்கு உழைப்பதே கடன் என்று அவர்களுள் ஒருத்தி சொன்னதாக நூல் குறிப்பிடுகிறது. அந்தத் தாயின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

காந்தியடிகள் நான்கு நாள்களுக்குள் மூன்று முறை கைதானார். நடந்து சென்றவர்களைப் பால்ஃபர் என்னும் இடத்தில் ரயிலேற்றித் திருப்பியனுப்பினர். சுரங்க வளாகங்களே சிறைகளாக அறிவிக்கப்பட்டன. மேற்பார்வையாளரே சிறைக்காவலர் ஆயினர். அதற்குள் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவிவிட்டது. அங்கே எந்தத் தலைவரும் திட்டமிட்டு அழைக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இறுதியில் 1914-இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. இந்திய மணங்களை ஏற்றது. பிப்ரவரி 22 அன்று, அச்சட்டம் வருமுன்னரே, சிறைக் காய்ச்சலால் வள்ளியம்மை இறந்துபோனார். சிறைசென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்ட காந்தியடிகளிடம், மீண்டும் செல்லவும் ஆயத்தம் என்று அவர் விடையளித்த செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். நாம் மறந்தது, அந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் இருந்த ஆயிரவரை. தனி ஒருவரின் தியாகத்தைப் போற்றுவது நமக்கு எளிதாயிருக்கிறது. திரண்டெழுந்த தொழிலாளரை நினைப்பது அத்துணை எளிதாக இல்லை. அவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்களே என்பது காரணமோ?

நூலில் இல்லாதவர்கள்

நூலின் குறைக்கு வருகிறேன். அதே 1913-ஆம் ஆண்டின் நடுவில் தென்னாப்பிரிக்க அரசு பூர்வகுடி மக்களின் நிலவுரிமையைப் பறிக்கும் சட்டத்தை இயற்றிற்று. நாட்டின் பெரும்பான்மையினராகிய கறுப்பின மக்களுக்கு நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கே ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில், நியூகாசில் பெண்கள் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னதாக, புளூம்ஃபான்டைன் நகரின் கறுப்பினப் பெண்கள் நடமாட்ட அனுமதிச் சீட்டு முறையை எதிர்த்துத் திரண்டு, சீட்டு வாங்க மறுத்துச் சிறை சென்றனர். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே வகை அநீதிக்கெதிராக இரு பெண்கள் கூட்டம் சிறை புகுந்தது. ஒன்று மற்றொன்றைச் சந்திக்கவில்லை. காந்தியடிகளின் நூலில் இந்த இரண்டாம் கூட்டத்திற்கு இடமில்லை. ஜூலு மக்களின் தோற்றத்தையும் பண்பையும் அவர் பாராட்டி எழுதுகிறார். ஆனால் அவர்களைப் போராட்டத் தோழராக எண்ணவில்லை. இந்தியர் கோரிக்கை இந்தியருக்கு மட்டுமே என்பதாகவே நின்றது.

மோரீன் ஸ்வான் 1985-லும், அஷ்வின் தேசாய், கூலம் வாஹித் ஆகியோர் 2015-லும் வெளியிட்ட ஆய்வு நூல்கள் இக்குறையை விரிவாக எடுத்துரைத்துள்ளன. அவற்றின் கடுமை நம்மில் சிலருக்கு மனவருத்தம் தரலாம். எனினும் ஒரு நூலை உண்மையாக மதிப்பவன் அதில் இல்லாதவற்றையும் கேட்பான். லாசரஸ் வீட்டு அடுப்பு அவ்வளவு பெரிதாக எரிந்தும், பக்கத்துக் குடிசையில் இருந்த கறுப்பினத் தொழிலாளி அங்கே உண்ண அழைக்கப்பட்டதாக நூலில் ஒரு வரியும் இல்லை.

அந்தப் பந்தி நீள முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆயின. 1946 ஜூன் 13 அன்று, இந்தியர் குடியிருக்கும் இடத்தை வரையறுத்த சட்டத்தை எதிர்த்து, டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் வெற்றிடத்தில் கூடாரமடித்துத் தொண்டர்கள் அமர்ந்தனர். மருத்துவ மாணவியான ஜைனப் அஸ்வத் படிப்பை விட்டு அங்கே வந்தார். ஆங்கிலிக்கன் குருவாகிய மைக்கேல் ஸ்காட் இந்தியரோடு சேர்ந்து சிறைசென்றார். ஏறத்தாழ 2,000 பேர் சிறைப்பட்ட அப்போராட்டத்தின் நடுவிலேதான், 1947 மார்ச்சில், டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதுவும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் டாக்டர் சூமாவோடு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர்.

1968 டிசம்பரில் கறுப்பின மாணவர் தமக்கெனத் தனி அமைப்புக் காணக் கூடியது மரியான்ஹில் என்னும் கத்தோலிக்கக் கல்வி வளாகத்தில். அவர்களின் தலைவர் ஸ்டீவ் பீக்கோ அங்கேதான் பள்ளிப்படிப்பை முடித்தவர். அவ்வமைப்பு ‘கறுப்பர்’ என்ற சொல்லுக்குப் புதிய பொருள் தந்தது. ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் ஆகிய ஒடுக்கப்பட்டோர் எல்லாரும் அச்சொல்லுக்குள் வந்தனர். எனவேதான் சத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் இந்திய வம்சாவளியினராய் இருந்தும் கறுப்பின மாணவர் இயக்கத்தாராய் ரோபன் தீவுச் சிறையில் பல ஆண்டுகள் கழித்தனர். 1973 ஜனவரி 9 அன்று டர்பனில் செங்கல் ஆலை ஒன்றில் தொடங்கிய வேலைநிறுத்தம் பல்லாயிரவரை வீதிக்குக் கொண்டுவந்தது. 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவின் பள்ளி மாணவர் எழுந்தனர். மறு ஆண்டு செப்டம்பர் 12 அன்று பீக்கோ காவலில் கொல்லப்பட்டார். ஆயினும் 1994-இல் எல்லா இனத்தாரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர். 1913-இல் இரு வேறு சிறைகளில் இருந்த அப்பெண்களின் பேத்திகள் அந்த வரிசையில் சேர்ந்து நின்றிருப்பர்.

நம் துறைமுகமும் நம் கோயிலும்

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தி என்று காரைக்கால் வாசகர் கருதவேண்டியதில்லை. பிரெஞ்சுத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிய துறை நம் துறை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆளேற்றிய ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவை அடைந்தது. மறு ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் குவாதலூப்பை அடைந்தது. அத்தீவில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பார், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். ஒரு கிறிஸ்தவப் பெயரும் ஒரு தமிழ்ப் பெயரும் இணைந்த அவருடைய பெயரே நம் வரலாற்றின் சுருக்கமாகும்.

காந்தியடிகள் 1915-இல் தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்தார். தம்மோடு சிறைப்பட்டோரின் ஊரைக் காண வந்த அப்பயணத்தில், பஞ்சம மக்கள் அவருக்கு வரவேற்பு மடல் ஒன்றை அளித்தனர். குடிநீர் இல்லை, நிலம் வாங்கவோ வைத்திருக்கவோ வழியில்லை, நீதிமன்றத்தை அணுகுவதும் அரிது என்று அதில் முறையிட்டிருந்தனர். மே 1 அன்று மாயவரத்தில் பேசும்போது அவர் அதை வெளிப்படையாக எடுத்துச் சொல்லி, தீண்டாமை சமயத்தின் பகுதியாக இருக்கமுடியாது என்றார். நேட்டாலில் எதை எதிர்த்து நடந்தாரோ, அதையே வள்ளியம்மையின் ஊர்ப்பக்கத்தில் கண்டார். நம் மண்டபங்கள் இந்தச் செய்தியை நமக்குச் சொல்வதில்லை.

நம் திருச்சபையும் இதற்கு விலக்கன்று. தென்னாப்பிரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1957-இல் இன ஒதுக்கலை இயல்பிலேயே தீயது என்று அறிவித்தபோது, தங்கள் பள்ளிகளிலும் குருமடங்களிலும் சபைகளிலும் அதே ஒதுக்கல் நிலவுவதைச் சேர்த்தே ஒப்புக்கொண்டனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1982-இல் திருச்சியில் கூடியபோது, சாதி கிறிஸ்தவத்தையே மறுப்பதாகும் என்று திட்டவட்டமாகக் கூறியது. 2016-இல் தலித் மக்களின் முன்னேற்றத்திற்கெனத் தனிக் கொள்கையையும் வெளியிட்டது. அறிக்கைகள் நல்லவை. ஆனால் அறிக்கைகளுக்கு வெகு முன்னரே எழுந்த ஒரு குரல் நம் பகுதியில் உண்டு.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் 16-க்குரிய பகுதியைப் பாருங்கள். புதுச்சேரிக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சமூகக் கிறிஸ்தவரைப் பிரித்து வைக்க வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. அம்மக்கள் திரண்டு சென்று பெரிய குருவானவரிடம் நியாயம் கேட்டனர். ஆண்டவர் வேறுபாடு வைக்காதபோது நீங்கள் வைப்பது எப்படி என்பதே அவர்கள் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்தனர். இம்முறையீட்டுக்கு அம்மக்களைத் தூண்டியவர் காரைக்காலிலிருந்து வந்திருந்த ஒரு குரு என்று பிள்ளை குறித்துள்ளார். நேட்டால் வேலைநிறுத்தத்திற்கு 168 ஆண்டுகளுக்கு முன்பு, உழைக்கும் மக்கள் கோயிலுக்குள்ளேயே நடத்திய உரிமைப் போராட்டம் இது.

சுவர் ஒருமுறை இடிந்தால் போதாது என்பதற்கு நானே சான்று. டெல்டாவில் ஒரு சிற்றூர்க் கோயிலில் நான் புதுநன்மை வாங்கினேன். அங்கே சுவர் கிடையாது. எனினும் நாங்கள் நடுவில் அமர்வோம். வேறு தெருவிலிருந்து வருவோர் பக்கத் தாழ்வாரத்தில் அமர்வர். யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேர்த்திருவிழாவில் மாதாவின் தேர் எங்கள் தெருக்களைச் சுற்றிவரும். அந்தத் தெருவின் முனை வரை சென்று திரும்பிவிடும். கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு வேறு மூலை. என் வகுப்பில் என்னோடு படித்த ஒருவன் அந்தத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தான். வள்ளியம்மையைப் பற்றிய பாடத்தை இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவன் ஏன் என் அருகில் இல்லை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வெள்ளையர் நாட்டின் அநீதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய எனக்கு, என் கோயிலில் இருந்தது கண்ணில் படவில்லை. நடுவில் அமர்ந்தவனுக்கு அது படாது போலும்.

அந்த மாணவிக்கு நான் இப்போது சொல்லக்கூடிய விடை இதுதான். பெண்ணே, வள்ளியம்மையோடு சென்றவர்களுள் சிலரின் பெயர்கள் கணவர் பெயர்களாக நூலில் உள்ளன. பலருடைய பெயர் எங்கும் இல்லை. அவர்களை நினைவுகூர மண்டபத்தில் மாலை சூட்டினால் மட்டும் போதாது. அடுத்த திருவிழாவின்போது உன் பங்கில் தேர் எந்தத் தெருவரை செல்கிறது என்று பார். பொது விருந்துக்குச் சமைப்பவர் யார், யாரோடு யார் அமர்ந்து உண்கின்றனர் என்று பார். கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே உறங்குகின்றனர் என்று பார். பார்த்ததை உன் பங்குத்தந்தையிடமும் பெற்றோரிடமும் கேள். நான் உன் வயதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.